மறுபடி மறுபடி கேட்கும் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? ஓசிடியோடு எங்கள் வீட்டு அனுபவம்

எங்கள் மகனுக்கு ஓசிடி (வேண்டாத நினைப்பு விடாமல் வந்து, அதற்காக ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய்) இருக்கலாம் என்று முதலில் சந்தேகப்பட்டவர் ஒரு தோல் மருத்துவர். அப்போது அவன் ஐந்தாம் வகுப்பு. விரல் இடுக்கெல்லாம் சிவந்து, புறங்கை வெடித்து, சாம்பார் பட்டால்கூட எரிகிறது என்று அழுவான். தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தோம், சோப்பை மாற்றிப் பார்த்தோம். அந்த டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவுவ?" என்று அவனிடமே கேட்டார். அவன் பதில் சொல்லாமல் அழ ஆரம்பித்துவிட்டான். களிம்போடு சேர்த்து, மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லி ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். அவருக்கு நாங்கள் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். எத்தனையோ வீடுகளில் இந்த நோய் தொடங்கியதற்கும் சரியான டாக்டரைப் பார்ப்பதற்கும் நடுவில் வருடங்கள் ஓடிவிடுகின்றன.

இப்போது அவனுக்கு 14 வயது. இந்த வருடங்களில் நாங்கள் கற்றுக்கொண்டதை, இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. திருச்சியில் மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகள் என்று இருக்கும் ஒரு அம்மா. மருந்தின் அளவையெல்லாம் உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். டாக்டரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்வது என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

கை கழுவுவது வெளியே தெரிந்த பகுதி. உள்ளே ஓடிக்கொண்டிருந்தது என்னவென்று மனநல டாக்டர் முன்னால் அவன் வாய் திறந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. சரியாகக் கழுவாவிட்டால் அந்தக் கிருமி அப்பாயிக்கு, அதாவது என் மாமியாருக்குப் போய், அவர்கள் செத்துப்போய்விடுவார்கள் என்று ஒரு நினைப்பு. அவனுக்கு உயிரான அப்பாயி. அப்புறம், சாமி ரூமுக்குள் போனால் சாமியைப் பற்றிக் கெட்ட கெட்ட வார்த்தைகள் தானாக மனதில் வருகின்றனவாம். வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு "சாமி மன்னிச்சிரு" என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது நடுவில் மறுபடி அந்த வார்த்தை வந்துவிட்டால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அவன் சாமி ரூமில் நெடுநேரம் நிற்பதைப் பார்த்து, பக்தியான பிள்ளை என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் மெச்சியிருந்தார்கள். அந்த நேரமெல்லாம் பிள்ளை உள்ளே நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

டாக்டர் அவனிடம் சொன்னது எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. "இந்த மாதிரி நினைப்பு எல்லாருக்கும் வரும் தம்பி. எனக்கும் வரும். வந்ததுனால நீ கெட்ட பையன் ஆயிட மாட்ட." ஆறுதலுக்காகச் சொன்ன பொய் என்று அப்போது நினைத்தேன். அது ஆராய்ந்து கண்ட உண்மை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ராக்மன் என்பவரும், இலங்கையில் பிறந்த பத்மல் டி சில்வா என்பவரும் 1978-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. எந்த மனநோயும் இல்லாதவர்களுக்கும் இப்படி வேண்டாத, அருவருப்பான, பயங்கரமான நினைப்புகள் வருகின்றன என்று அதில் காட்டினார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது வந்த வேகத்தில் போய்விடும். ஓசிடி உள்ளவர்களுக்கு அது ஒட்டிக்கொள்ளும், அதற்கு ஒரு பரிகாரம் செய்தே தீர வேண்டும் என்று உடம்பெல்லாம் பதறும்.

உங்கள் பிள்ளையிடம் சந்தேகம் இருந்தால், "ஏன் இப்படிப் பண்ற?" என்று கேட்காதீர்கள். "செய்யலைன்னா என்ன ஆயிடும்னு தோணுது?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு எங்கள் வீட்டில் ஒரு நாளும் பதில் வந்ததில்லை. இரண்டாவது கேள்விக்கு மெதுவாக வந்தது. சில பிள்ளைகள் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டுதான் சொல்வார்கள், சிலர் எழுதிக் காட்டுவார்கள். அம்மாவைக் கத்தியால் குத்திவிடுவேனோ, தங்கச்சிக்குக் கெடுதல் செய்துவிடுவேனோ என்றெல்லாம்கூடச் சொல்லலாம். கேட்டதும் முகம் மாறாமல் இருப்பதுதான் அந்த நேரத்தில் நாம் செய்யக்கூடிய பெரிய உதவி. இப்படிப்பட்ட நினைப்பால் நடுங்கும் பிள்ளை அதைச் செய்ய ஆசைப்படும் பிள்ளை கிடையாது. அதை அடியோடு வெறுப்பதால்தான் நடுங்குகிறான்.

இது எப்படி வளர்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். ஒரு நினைப்பு வருகிறது, பயம் ஏறுகிறது. கழுவினால், எண்ணினால், கேட்டால், சரிபார்த்தால் பயம் இறங்குகிறது. கழுவியதால்தான் தப்பித்தோம் என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த தடவை பயம் இன்னும் சீக்கிரம் வரும், இன்னும் அதிகமாகக் கழுவச் சொல்லும். கொசு கடித்த இடத்தைச் சொறிகிற மாதிரிதான். சொறியும்போது சுகம், நிறுத்தியதும் முன்பைவிட அரிப்பு. மூளையின் முன்பகுதிக்கும் ஆழத்தில் உள்ள சில பகுதிகளுக்கும் இடையே ஓடும் சுற்று இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது என்கிறார்கள். பரம்பரைக்கும் பங்கு உண்டு, சிறு வயதில் தொடங்குவதில் அது கூடுதல். குழந்தைகளில் சுமார் நூற்றுக்கு ஒருவருக்கு வருகிற நோய் இது. வளர்ப்பு சரியில்லை, செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்ற பேச்சு எங்கள் பக்கத்திலும் வந்தது. அந்தப் பேச்சில் உண்மை கிடையாது. இதைப் படிக்கும் அம்மா ஒருவர் அதை நம்பிக்கொண்டிருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன். நேற்றுவரை நன்றாக இருந்த பிள்ளை ஓரிரு நாளில் தலைகீழாக மாறிவிட்டால், அதற்கு முன்னால் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்திருந்ததா என்று யோசித்து டாக்டரிடம் சொல்லுங்கள். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றியதைத் தொடர்ந்து சில குழந்தைகளுக்கு இப்படித் திடீரென்று வருவதாக 1998-லிருந்து எழுதிவருகிறார்கள். எங்கள் மகனுக்கு மெதுவாக வந்ததால் அந்தப் பரிசோதனை தேவைப்படவில்லை.

இனி, எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். ஓசிடி பிள்ளையை மட்டும் பிடிப்பதில்லை, வீட்டில் உள்ள எல்லோரையும் வேலைக்கு வைத்துக்கொள்கிறது. எங்கள் வீட்டில் அது இப்படி இருந்தது. அவன் தட்டை நான் இரண்டு தடவை கழுவித் துடைத்துக் கொடுப்பேன். அவனுக்காகக் கதவை அக்கா திறந்துவிடுவாள், கைப்பிடியை அவன் தொட மாட்டான். அவன் அப்பா ஆபீஸிலிருந்து வந்தால் நேராகக் குளியலறைக்குப் போக வேண்டும், நடுவில் சோபாவில் உட்கார்ந்தால் அன்றைக்கு ரகளை. இரவு படுத்த பிறகு, "அம்மா, அப்பாயிக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்பான். "ஆகாதுடா கண்ணா" என்பேன். "சத்தியமா?" "சத்தியமா." "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா." தூக்கம் கண்ணைச் சுற்றும்வரை இது போகும். அன்புள்ள எந்த வீட்டிலும் இதுதான் நடக்கும். பிள்ளை பதறும்போது பதில் சொல்லாமல் இருக்க எந்தத் தாயால் முடியும்?

ஆனால் அந்தப் பதிலும் ஒரு கை கழுவல்தான் என்று எங்கள் சைக்காலஜிஸ்ட் மேடம் விளக்கியபோது நாங்கள் இருவரும் ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அவன் தண்ணீரால் கழுவுகிறான், அதே வேலையை நாங்கள் வார்த்தையால் செய்கிறோம். பயம் இறங்குகிறது, நோய் பலப்படுகிறது. குடும்பம் இப்படி ஒத்துழைக்க ஒத்துழைக்க நோய் கடுமையாவதையும் சிகிச்சை மெதுவாவதையும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெற்றோரை மட்டும் பழக்கியே பிள்ளையின் பயத்தைக் குறைக்கும் முறை ஒன்றையும் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் என்பவர் உருவாக்கியிருக்கிறார். எங்கள் மேடம் சொன்னதில் பாதி அந்த வழியில் வந்ததுதான்.

முதல் வேலையாக ஒரு நோட்டுப் போடச் சொன்னார். எத்தனை மணிக்கு, எது தூண்டியது, அவன் என்ன செய்தான், நாங்கள் என்ன செய்தோம். அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒரு வாரம் எழுதிப் பார்த்தால் உங்கள் வீட்டில் யார் யார் என்னென்ன வேலை செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கண்ணுக்குத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. பிள்ளை தனியாக நிற்பதாக நினைத்துவிடுவான். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் இரவுக் கேள்வியை எடுத்தோம்.

ரகளை நடக்கிற நேரத்தில் புதுச் சட்டம் போடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவன் தெளிவாக இருந்தபோது, அவனையும் உட்காரவைத்துச் சொன்னோம். "நீ கேக்கறப்ப எல்லாம் நாங்க பதில் சொன்னா அது பெருசாகிக்கிட்டே போகுதுன்னு மேடம் சொன்னாங்கல்ல. நாளையிலேருந்து ராத்திரி ஒரு தடவைதான் பதில். அதுக்கப்புறம் கேட்டா நான் என்ன சொல்லுவேன்னும் இப்பவே சொல்லிடறேன்." அந்த வாக்கியத்தை மேடத்தோடு சேர்ந்து முன்னாடியே தயார் செய்திருந்தோம்: "உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது. உன்னால தாங்க முடியும்னும் எனக்குத் தெரியும்." இவ்வளவுதான். இதில் இரண்டு பாதியும் வேண்டும். கஷ்டம் தெரிகிறது என்பதை மட்டும் சொன்னால் பரிதாபமாகிவிடும். தாங்க முடியும் என்பதை மட்டும் சொன்னால் அதட்டலாகக் கேட்கும்.

இன்னொன்று, நோய்க்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னார்கள். சிறு பிள்ளைகளிடம் இது நன்றாக வேலை செய்கிறது. அவன் வைத்த பெயர் நச்சு. அதன் பிறகு, "இது நீ கேக்கறியா, நச்சு கேக்கறானா?" என்று என்னால் கேட்க முடிந்தது. சில நாள் கோபம் வரும், சில நாள் சிரித்துவிடுவான். கோபப்படுவது அவன்மேல் இல்லை, நச்சுமேல் என்று ஆனபோது வீட்டில் சண்டையின் சூடு குறைந்தது. நாங்கள் எல்லோரும் ஒரு பக்கம், நச்சு எதிர்ப்பக்கம்.

முதலில் நிலைமை மோசமாகும், அதற்குத் தயாராக இருங்கள். பதில் கிடைக்காதபோது நோய் சத்தத்தைக் கூட்டும். கதவை உதைத்தான், என்னை அடித்தான், "உனக்கு என் மேல பாசமே இல்ல" என்றான். அந்த வார்த்தையில்தான் நிறையப் பேர் உடைந்துபோய் வழக்கமான பதிலைச் சொல்லிவிடுவோம். ரொம்பக் கத்தினால் பதில் கிடைக்கும் என்று நோய் அப்போது கற்றுக்கொள்ளும். பக்கத்திலேயே உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுங்கள், தண்ணீர் கொடுங்கள், அழுதால் அழவிடுங்கள். சத்தியம் மட்டும் செய்யாதீர்கள். இதில் அப்பாவும் அம்மாவும் ஒரே மாதிரி நிற்பது ரொம்ப அவசியம், ரொம்பக் கடினமும்கூட. நான் மறுத்ததை அவன் அப்பாவிடம் போய்க் கேட்பான், அவர் மறுத்தால் அப்பாயியிடம். அதனால் அந்த வாக்கியத்தை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்தோம். அத்தையும் (அப்பாயியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) அதையே பார்த்துச் சொன்னார்கள்.

அத்தையை இதில் சேர்ப்பது எளிதாக நடக்கவில்லை. எங்கள் வீட்டில் செருப்பு வாசலோடு நின்றுவிடும். துக்க வீட்டுக்குப் போய்வந்தால் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கோயிலுக்குப் போகும் நாளில் தனிச் சுத்தம். நோய் இந்த வழக்கங்களையெல்லாம் பிடித்துக்கொண்டு ஏறியது. "நம்ம பழக்கத்தையே நோய்ங்கறாங்களா?" என்று அத்தை வருத்தப்பட்டார்கள். அதற்கு மேடம் சொன்ன பதில் எல்லாத் தமிழ் வீட்டுக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன். வழக்கம் என்றால் ஒரு தடவை செய்தால் முடிந்துவிடும், மனசு அடுத்த வேலைக்குப் போய்விடும். செய்து முடித்த பிறகும் முடிந்ததாகத் தோன்றாமல் திரும்பத் திரும்பச் செய்யவைத்தால் அது நோய். இதைக் கேட்டதும் அத்தைக்குப் பிடிபட்டுவிட்டது. அடுத்த முறை தெருவில் ஒரு சாவுக்குப் போய்வந்தபோது, "எல்லாரும் ஒரு தலைக்குளியல், அவ்வளவுதான். நீயும் அப்படித்தான்யா" என்று அவனிடம் சொன்னவர்கள் அவர்கள்தான். அவன் இரண்டாவது தடவை குளிக்கப் போனபோது மறித்ததும் அவர்கள்தான்.

குணசீலம் எங்கள் ஊருக்குப் பக்கம். மனநலம் சரியில்லாதவர்களை அழைத்துவந்து தங்கவைக்கும் பெருமாள் கோயில். அத்தை ஆசைப்பட்டார்கள், போய்வந்தோம். டாக்டர் அதைத் தப்பென்று சொல்லவில்லை. கும்பிடுங்கள், சிகிச்சையை விடாதீர்கள் என்றார். ஒரு எச்சரிக்கை மட்டும் கொடுத்தார், அதை உங்களுக்கும் சொல்கிறேன். யாராவது இந்தப் பிள்ளைக்கு 108 தடவை இதைச் சொல்லு, 48 நாள் அதை எழுது என்று பரிகாரம் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே எண்ணிக்கையில் சிக்கித் தவிக்கும் பிள்ளைக்கு அது இன்னொரு சடங்காகிவிடும்.

சிகிச்சை என்று மேடம் அவனுக்குச் செய்தது, பயப்படும் விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளவைத்து, அதன் பிறகு சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்குவது. இஆர்பி என்பார்கள். 1966-ல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் தொடங்கிவைத்த வழி, இன்றுவரை ஓசிடிக்கு முதலிடம் அதற்குத்தான். அவனே உட்கார்ந்து ஓர் ஏணி வரைந்தான். பயத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண். தன் செருப்பை ஒரு விரலால் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருப்பது 3. கதவுக் கைப்பிடி 4. டவுன் பஸ் கம்பியைப் பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்து அப்பாயி மடியில் படுப்பது 9. சாமி படத்துக்கு முன்னால் நின்று, கெட்ட வார்த்தை வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல் வெளியே வருவது 10. கீழ்ப்படியில் தொடங்கி, ஒரு படி சலித்துப்போகும் அளவுக்குப் பழகிய பிறகு அடுத்தது. மேல்படிக்கு அவனை யாரும் தள்ளவில்லை. அவன் சம்மதம் இல்லாமல் திடீரென்று கையில் அழுக்கைத் தேய்த்துவிட்டு, "பாரு, ஒண்ணும் ஆகல" என்று காட்டுவது சிகிச்சை கிடையாது. அது அவன் நம்பிக்கையைத்தான் உடைக்கும்.

ஒவ்வொரு படியிலும் பயம் ஏறும், தானாக இறங்கவும் செய்யும். சில நாள் முழுக்க இறங்காது. இறங்காமலே அவன் கேரம் விளையாடப் போனான் என்றால் அதுவும் வெற்றிதான் என்று மேடம் சொல்வார். "ஒண்ணும் ஆகாது" என்று நிரூபிப்பது எங்கள் வேலை இல்லை. "ஆகுமோ ஆகாதோ தெரியாது, தெரியாமலே நான் என் வேலையைப் பார்ப்பேன்" என்ற இடத்துக்கு அவன் வர வேண்டும். சாப்பிடும் முன்னும் கழிப்பறைக்குப் போய்வந்த பிறகும் சோப்புப் போட்டு ஒரு தடவை, 20 விநாடி. மற்றவர்கள் கழுவும் அதே அளவு அவனுக்கும் என்று எழுதிவைத்தோம்.

மோட்டாரை நிறுத்துவது, சோப்பை ஒளித்துவைப்பது, குளியலறைக் கதவை உடைப்பது, அடிப்பது என்று எத்தனையோ யோசனை சொல்வார்கள். எதுவும் வேண்டாம். தண்ணீர் இல்லாவிட்டால் நோய் மனதுக்குள்ளேயே சடங்கு செய்யக் கற்றுக்கொள்ளும், அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

மருந்து பற்றிச் சொந்தக்காரர்களிடம் வரும் பயம் பெரிது. "பைத்தியத்துக்குக் கொடுக்கற மாத்திரையை இந்த வயசுலயா?" என்று கேட்டார்கள். நாங்களும் தயங்கினோம். டாக்டர் எங்களிடம் 2004-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். 7 முதல் 17 வயதுவரை உள்ள 112 பேரை நான்கு குழுவாகப் பிரித்து 12 வாரம் பார்த்திருக்கிறார்கள். அறிகுறிகள் பெருமளவு போய்விட்டவர்கள், உளவியல் சிகிச்சையும் செர்ட்ராலின் மாத்திரையும் சேர்ந்து பெற்ற குழுவில் சுமார் 54 சதவீதம். உளவியல் சிகிச்சை மட்டும் என்றால் 39, மாத்திரை மட்டும் என்றால் 21, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என்றால் 4-க்கும் கீழே. லேசான நிலை என்றால் பெரும்பாலும் உளவியல் சிகிச்சையிலேயே தொடங்குவார்கள். எங்கள் மகன் சாப்பிடவே முடியாத அளவுக்குப் போயிருந்ததால் இரண்டும் சேர்த்து ஆரம்பித்தார்கள். ஓசிடியில் மருந்து வேலை செய்யத் தாமதமாகும், 8 முதல் 12 வாரம் பொறுக்க வேண்டும். இரண்டு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்துபவர்கள் அதிகம். அதேபோல், சரியாகிவிட்டது என்று சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தவும் கூடாது. ஆரம்ப வாரங்களில் பிள்ளையைக் கூர்ந்து கவனியுங்கள். தூக்கம் கெடுவது, இருப்புக்கொள்ளாமல் தவிப்பது, சாகணும் என்று பேசுவது, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். இந்த வகை மருந்துகள் சிறுவயதினரில் சிலருக்குத் தற்கொலை எண்ணத்தைக் கூட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-லிருந்தே எச்சரிக்கிறது. மாத்திரை டப்பா உங்கள் பொறுப்பில் இருக்கட்டும், நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

எங்கே போவது என்று கேட்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், வேலூர் சிஎம்சியின் மனநலப் பிரிவு, ஓசிடிக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கும் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆகியவையும் இருக்கின்றன. உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம், கட்டணம் கிடையாது. உளவியலாளரைத் தேர்ந்தெடுக்கும்போது கூச்சப்படாமல் கேளுங்கள்: ஓசிடி உள்ள பிள்ளைகளுக்கு இஆர்பி செய்திருக்கிறீர்களா? பயிற்சி எப்படி இருக்கும்? பெற்றோருக்கு என்ன வேலை கொடுப்பீர்கள்? பேசிப் பேசி ஆறுதல் சொல்வது மட்டும்தான் திட்டம் என்றால் இந்த நோய்க்கு அது போதாது. ஆறுதலைத் தேடுவதுதானே நோயே. காப்பீடு இருந்தால், 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி உடல் நோய்க்குத் தருவதுபோல மனநோய்க்கும் தர வேண்டும். ஆனால் படுக்கையில் சேராமல் பார்க்கும் செலவு உங்கள் பாலிசியில் உண்டா என்று தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் வகுப்பு ஆசிரியையிடம் மட்டும் சொன்னோம், வகுப்புக்குச் சொல்ல வேண்டாம் என்று அவனே கேட்டுக்கொண்டான். அங்கே அவனுடைய பிரச்சினை அழிப்பது. ஒரு எழுத்து வளைவு சரியில்லை என்றால் அழித்து அழித்துத் தாள் கிழியும், பரீட்சையில் பாதிக் கேள்விதான் முடியும். ஆசிரியை மூன்று விஷயம் செய்தார். பென்சிலை விட்டுப் பேனாவுக்கு மாற்றினார், தப்பானால் ஒரே ஒரு கோடு போட்டு அடிக்கச் சொன்னார். "இவனைப் பாருங்க, எவ்வளவு நீட்டா எழுதறான்" என்று எல்லோர் முன்னாலும் பாராட்டுவதை நிறுத்தினார். "மிஸ், இது சரியா?" என்று திரும்பத் திரும்ப வந்து கேட்டால், "உன் முடிவுப்படியே விடு" என்று சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார். வீட்டுப்பாடத்துக்கு நேரம் குறித்தோம், நேரம் முடிந்தால் எந்த நிலையில் இருந்தாலும் நோட்டு மூடப்படும். குறையோடு ஒப்படைப்பதே அவனுக்கு ஒரு பயிற்சி.

மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தம்பிக்கு மூன்று வயது மூத்தவள். வீட்டின் பேச்சு, பணம், நேரம் எல்லாம் அவனைச் சுற்றியே போனது. ஒரு நாள், "எனக்கும் ஏதாவது வந்தாத்தான் பாப்பீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அவள் கேட்டது நியாயம். அதிலிருந்து சனிக்கிழமை மாலை அவளுக்கும் எனக்கும் மட்டும். சில வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடப்போம், சில வாரம் மொட்டை மாடியில் உட்கார்ந்திருப்போம். அந்த நேரத்தில் தம்பி பேச்சு எடுப்பதில்லை. தம்பிக்காகக் கதவு திறக்கும் வேலையிலிருந்தும் அவளை முதலில் விடுவித்தோம். கூடப்பிறந்தவர்களைக் காவல்காரர்களாக ஆக்காதீர்கள், அவர்களுக்குத் தனியாக ஒரு பிள்ளைப்பருவம் இருக்கிறது.

ஓசிடி போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. ஏறும், இறங்கும். பரீட்சைக் காலம், காய்ச்சல், பள்ளி திறக்கும் ஜூன் மாதம், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாத நேரம் என்று அது தலைதூக்கும் நேரங்கள் எங்களுக்கு இப்போது தெரியும். பழைய நோட்டை எடுத்துக்கொள்வோம், ஏணியில் கீழ்ப்படியிலிருந்து மறுபடி தொடங்குவோம். ஒவ்வொரு முறையும் முன்பைவிடச் சீக்கிரம் மேலே வருகிறான். கை ஆறிவிட்டது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று போகிறான்.

வயதுக்கேற்ப நச்சுவும் வேஷம் மாற்றிக்கொள்கிறான். இப்போது என்னிடம் கேட்பதில்லை, போனிடம் கேட்கிறான். தலைவலித்தால் மூளைக்கட்டி அறிகுறி, நெஞ்சு துடித்தால் இதய நோய் என்று தேடிக்கொண்டே போவான். ஒரு பதில் திருப்தி தராது, அடுத்ததைத் திறப்பான். எழுதிக் கேட்டால் பதில் சொல்லும் செயலிகள் வந்த பிறகு, ஒரே கேள்வியை வார்த்தை மாற்றி மாற்றிக் கேட்கிறான். அவை அலுத்துக்கொள்ளாமல் எத்தனை தடவை வேண்டுமானாலும் பதில் சொல்கின்றன. இரவில் நான் சொல்லிக்கொண்டிருந்த "சத்தியமா" இப்போது அங்கே கிடைக்கிறது. போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா என்று நானும் அவரும் பேசினோம். கடைசியில் அவனிடமே கேட்டோம். உடம்பு சம்பந்தமான எதையும் போனில் தேடாமல் ஒரு நாள் இருப்பதற்கு 7 மதிப்பெண் போட்டு, ஏணியில் அவனே ஒரு படி சேர்த்திருக்கிறான். ஒரு மணி நேரம் தேடாமல் இருப்பது 4. இந்த வாரம் நாங்கள் அந்த 4-ல் இருக்கிறோம்.